வடமாநிலத் தொழிலாளர் வதந்தி, 2023

தமிழ்நாட்டில் வேலை செய்யும் பீகார் தொழிலாளர்கள் இந்தி பேசியதற்காக அடிக்கப்படுகிறார்கள், கொல்லப்படுகிறார்கள் என்று 2023 மார்ச் முதல் வாரத்தில் வட இந்தியா எங்கும் பரவிய பொய்ச் செய்திகளின் தொகுப்பையே வடமாநிலத் தொழிலாளர் வதந்தி என்கிறோம். வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் ஓடிய இந்தப் பொய், சில நாட்களிலேயே பாட்னா சட்டமன்றம் வரை போனது. தமிழ்நாடு, பீகார் ஆகிய இரு மாநிலக் காவல் துறைகளும் விசாரித்து, அப்படி எதுவும் நடக்கவில்லை என்று அறிவித்தன. இந்தியாவின் வலதுசாரி அரசியல், பொய்ச் செய்தியை எப்படிக் கையாண்டது என்பதற்குத் தேதி வாரியாகப் பதிவான சான்று இது.

வீடியோக்களில் அடிபட்ட பெயர்கள் பெரும்பாலும் திருப்பூரும் கோவையும்தான். ஆனால் பயத்துக்கு ஊர் எல்லை கிடையாது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் வழியில் இருக்கும் பென்னலூரையே எடுத்துக்கொள்வோம். 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியதில் ஆரம்பித்து, ஒரகடத்தில் ரெனோ-நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வரிசையாக வந்து இந்தப் பகுதியின் முகத்தையே மாற்றின. பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்து தரும் சிறு ஆலைகளிலும் கட்டட வேலைகளிலும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் என்று பல மாநிலத்து ஆட்கள் காண்ட்ராக்டில் இருக்கிறார்கள். லைன் வீடுகளில் ஒரு ரூமைப் பலர் பகிர்ந்துகொண்டு, ஷிப்ட் மாற்றி ஷிப்ட் தூங்குகிற வாழ்க்கை. அவர்களுக்கு வேலை கொடுத்த காண்ட்ராக்டர் வேறு, வேலை வாங்கும் கம்பெனி வேறு. இப்படிப்பட்டவர்களின் கைக்கு ஒரு கொலை வீடியோ வந்தால், “இது உண்மையா?” என்று கேட்க ஆள் இருக்காது. அதைவிட மோசம், அதே வீடியோ ஊரில் இருக்கும் அம்மாவின் கைக்கும் போய்ச் சேர்வது.

பொய் கிளம்பிய நேரம் கவனிக்க வேண்டியது. மார்ச் 1 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலினின் 70ஆவது பிறந்தநாள் பொதுக்கூட்டம் சென்னையில் நடந்தது. மல்லிகார்ஜுன கார்கே, அகிலேஷ் யாதவ், பரூக் அப்துல்லா ஆகியோருடன் பீகாரின் அன்றைய துணை முதல்வர் தேஜஸ்வி யாதவும் மேடையில் இருந்தார். பாரதிய ஜனதாவுக்கு எதிராகக் கட்சிகள் ஒன்றுகூடிக்கொண்டிருந்த காலம் அது. மறுநாளே பாட்னாவில் கேள்வி எழுந்தது: பீகார்க்காரர்கள் அடிபட்டுச் சாகும்போது தேஜஸ்வி அங்கே போய் விருந்து கொண்டாடலாமா? எதிர்க்கட்சித் தலைவர் விஜய் குமார் சின்ஹா தலைமையில் பா.ஜ.க. உறுப்பினர்கள் சட்டமன்றத்தில் அமளி செய்தார்கள். செய்தி பொய் என்று தமிழ்நாட்டு டி.ஜி.பி. சி. சைலேந்திர பாபு விளக்கம் வெளியிட்ட பிறகும் அமளி ஓயவில்லை.

உத்தரப் பிரதேச பா.ஜ.க. செய்தித் தொடர்பாளரும் வழக்கறிஞருமான பிரசாந்த் உம்ராவ், இந்தி பேசியதற்காக பீகார் தொழிலாளர்கள் 12 பேர் தூக்கிலிடப்பட்டதாக ட்விட்டரில் எழுதினார். கூடவே ஸ்டாலினும் தேஜஸ்வியும் சேர்ந்திருக்கும் படம். அந்தப் பதிவு சொல்ல வந்த சேதியே அந்தப் படம்தான். இல்லாத சாவுகள் அதற்குப் பக்கவாத்தியமாகச் சேர்க்கப்பட்டன.

பரவிய வீடியோக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவை எப்படித் தயாரானவை என்பது தெரியும். ஒன்று, ராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூரில் பிப்ரவரியில் ஒரு வழக்கறிஞர் கொல்லப்பட்ட காட்சி. இன்னொன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளர்கள் இரு தரப்பாகப் பிரிந்து தங்களுக்குள் அடித்துக்கொண்டது. மற்றொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த மோதல். மூன்றிலும் வன்முறை நிஜம், ரத்தம் நிஜம். ஒட்டிய தலைப்பு மட்டும் பொய். நான்காவது வகை முழுக்கவே நாடகம். காயக்கட்டுப் போட்ட இரண்டு பேர், தமிழ்நாட்டில் அடிவாங்கித் தப்பி வந்ததாகப் பேசுகிறார்கள். பீகார் காவல் துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு விசாரித்தபோது, அது பாட்னா ஜக்கன்பூரில் ஒரு வாடகை வீட்டில் எடுக்கப்பட்டது என்று தெரிந்தது. ‘சச் தக் நியூஸ்’ என்ற யூடியூப் சேனலை நடத்திய மணீஷ் காஷ்யப் இந்த வழக்கில் முக்கியமாகக் குற்றம் சாட்டப்பட்டவராகச் சேர்க்கப்பட்டு, மார்ச் 18 அன்று மேற்கு சம்பாரண் மாவட்டத்தில் போலீசில் சரணடைந்தார். தைனிக் பாஸ்கர் நாளிதழின் ஆசிரியர் மீதும் திருப்பூரில் வழக்குப் பதிவானது.

மார்ச் 8 ஹோலி. ஆண்டுதோறும் அந்த வாரத்தில் வடக்கே போகும் ரயில்களில் கால் வைக்க இடமிருக்காது. அந்த ஆண்டு அதே கூட்டத்தைப் படம் பிடித்து, “உயிர் பிழைக்க ஓடுகிறார்கள்” என்று போட்டார்கள். பண்டிகைக்குப் போனவர்கள் திரும்பி வருவார்களா என்ற கவலை ஆலை முதலாளிகளுக்கு வந்தது. ஸ்டாலின் பீகார் முதல்வர் நிதீஷ் குமாரைத் தொலைபேசியில் அழைத்து உறுதியளித்தார். திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி அருகே ஒரு கையுறை ஆலையில் வடமாநிலத் தொழிலாளர்களை நேரில் சந்தித்தார். தமிழரான ஐ.ஏ.எஸ். அதிகாரி டி. பாலமுருகன் தலைமையில் பீகார் அரசு அனுப்பிய குழு இங்கே வந்து தொழிலாளர்களிடமே பேசியது. பயப்பட வேண்டாம் என்று ஆளுநர் ஆர்.என். ரவியும் கேட்டுக்கொண்டார்.

இந்த விவகாரத்தில் மன்னிக்க முடியாதது, ஒரே கட்சி இரண்டு ஊரில் இரண்டு பேச்சுப் பேசியது. பாட்னாவில் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகக் கூச்சல். சென்னையில் அதே கட்சியின் மாநிலத் தலைவர் கே. அண்ணாமலை, தமிழர்கள் வடஇந்தியர்களை வெறுப்பவர்கள் அல்லர், பரவுவது பொய்ச் செய்தி என்று அறிக்கை விட்டார். ஆனால் இந்த நிலைக்குக் காரணம் தி.மு.க. தலைவர்களின் பேச்சுதான் என்றும் சேர்த்துச் சொன்னார். அதற்காக அவர் மீது வழக்குப் பதிவானபோது, 24 மணி நேரத்தில் கைது செய்யுங்கள் பார்க்கலாம் என்று சவால் விட்டார். அவர் சுட்டிய விஷயத்தில் ஒரு துளி உண்மை இருந்தது. இந்தி படித்தவர்கள் இங்கே பானிபூரி விற்கிறார்கள் என்று அமைச்சர் க. பொன்முடி 2022இல் பேசியதும், பிப்ரவரி 2023இல் ஓடும் ரயிலில் ஒருவர் வடமாநிலப் பயணிகளை அடித்த வீடியோவும் நிஜம். அந்த ஆளை ரயில்வே போலீஸ் கைது செய்தது. பொய் வேர்விட இந்த மண் கொஞ்சம் ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் ஏளனப் பேச்சும் 12 கொலைகளும் ஒன்றல்ல.

பென்னலூர்ப் பக்கம் வதந்தி என்றாலே பலருக்கு முதலில் நினைவு வருவது 2021 டிசம்பர்தான். ஆப்பிளுக்கு ஐபோன் செய்து தரும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்று பேச்சுப் பரவியது. டிசம்பர் 17 இரவு தொடங்கி, சுங்குவார்சத்திரம் அருகே பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் இறக்கவில்லை. பொய் பரப்பியதாகச் சொல்லி, நாம் தமிழர் கட்சியைச் சேர்ந்த யூடியூபர் சாட்டை துரைமுருகனைக் காவல் துறை கைது செய்தது. ஆனால் அந்தப் பேச்சுக்கு அடியில் நிஜமான குறை இருந்தது: நெரிசலான அறைகள், தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிப்பறை. விடுதிகளும் சாப்பாட்டுக் கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டு ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூடப்பட்டிருந்த ஆலை 2022 ஜனவரி 12 அன்றுதான் மீண்டும் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. தோழிக்கு என்ன ஆனது என்று சொல்ல யாரும் இல்லாததால் பிறந்த அச்சத்தையும், ஓட்டுக்காக வாடகை வீட்டில் படம் பிடித்த பொய்யையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

வடமாநிலத் தொழிலாளர் வதந்திக்கு அமெரிக்காவில் அச்சு அசலான இணை உண்டு. ஒஹாயோ மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டும் ஆலைகள் உள்ள ஊர்தான். ஆள் கிடைக்காமல் திணறிய அந்த ஆலைகளுக்கு ஹெய்ட்டி நாட்டுக் குடியேறிகள் வேலைக்கு வந்தார்கள். அவர்கள் அக்கம்பக்கத்து நாய், பூனைகளைத் தின்கிறார்கள் என்ற புரளியை, 2024 செப்டம்பர் 10 அன்று கமலா ஹாரிசுடன் நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் டொனால்ட் டிரம்ப் கோடிக்கணக்கானோர் முன் சொன்னார். நகர நிர்வாகம் ஆதாரமே இல்லை என்றது. குடியரசுக் கட்சியின் சொந்த ஆளுநர் மைக் டிவைனும் மறுத்தார். வெடிகுண்டு மிரட்டல்களால் பள்ளிகள் மூடப்பட்டன. துணை அதிபர் வேட்பாளர் ஜே.டி. வான்ஸோ, மக்களின் துன்பத்தை ஊடகங்கள் கவனிக்க வேண்டுமென்றால் கதைகளை உருவாக்கத் தான் தயார் என்ற பொருளில் தொலைக்காட்சியிலேயே பேசினார்.

பொய் சொன்னவர்கள் இங்கே என்ன விலை கொடுத்தார்கள்? உம்ராவ் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காஷ்யப் மீது தமிழ்நாடு அரசு தேசியப் பாதுகாப்புச் சட்டத்தைப் போட்டது. இரு மாநில வழக்குகளை ஒன்றாக்கக் கோரிய அவரது மனுவை மே மாதம் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தடுப்புக் காவல் உத்தரவை நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ரத்து செய்தது. சாதாரணச் சட்டப் பிரிவுகளே போதுமான இடத்தில் விசாரணையற்ற காவலைப் பயன்படுத்தியது அரசின் தவறு. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தியாகி வேடம் கிடைக்க அதுவே வழி செய்தது. டிசம்பரில் பாட்னா சிறையிலிருந்து வெளியே வந்த காஷ்யப்பை ஆதரவாளர்கள் திரண்டு வரவேற்றார்கள். 2024 ஏப்ரலில் அவர் பா.ஜ.க.வில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு அதிலிருந்து விலகி, பிரசாந்த் கிஷோரின் ஜன் சுராஜ் கட்சி சார்பில் சன்பட்டியா தொகுதியில் நின்று தோற்றார்.

அந்த பீகார் சட்டமன்றத் தேர்தல் பரப்புரையின்போது, 2025 அக்டோபர் இறுதியில், தமிழ்நாட்டில் தி.மு.க.வினர் பீகார் உழைப்பாளிகளைத் துன்புறுத்துவதாகப் பிரதமர் நரேந்திர மோடி பேசினார். ஸ்டாலின் உடனே கண்டனம் தெரிவித்தார். இரு மாநிலக் காவல் துறைகளும் பொய் என்று அறிவித்து அப்போது இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது.