மாந்தைக் கண்ணாடி மணியும் அதன் பாகுநிலையும்

முசலிக் கரையின் புகழ் முத்தினால் வந்தது. உரோம அறிஞர் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டிலேயே இலங்கையின் பெருமுத்துக்களைக் குறித்து வைத்தார். சிலாவத்துறை, அரிப்பு, கொண்டச்சி என்னும் ஊர்ப்பெயர்கள் பின்னாளில் ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஏடுகளிலும் இடம்பெற்றன. ஆனால், அரிப்பின் வடபால் அருவியாற்றைக் கடந்து சென்றால் எய்தும் மாந்தையிலே, கடல் தந்த மணியேயன்றி மனிதன் உருக்கிச் செய்த மணியும் மண்ணுள் கிடந்தது. அதனைப் பற்றிப் பேசுவார் சிலரே.

மாந்தை, மகாவம்சம் மகாதித்த எனக் கூறும் துறை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அமைந்த மாதோட்டம். கலம் தங்கிய இடம், சரக்குக் கைமாறிய இடம் என்றே வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இதனை வருணிக்கும். சீனப் பீங்கானும் மேற்காசியக் கலங்களும் அகழ்வில் வெளிப்பட்டமையால் அக்கருத்து மேலும் வலுப்பெற்றது. 1980இல் யோன் காஸ்வெல் தொடங்கிய அகழ்வு 1984இல் போரினால் நின்றது. அதன் விரிவான அறிக்கை வெளிவர 2013 ஆயிற்று. இதற்கிடையே, கண்ணாடி மணிகளை ஆராய்வதையே வாழ்நாட்பணியாகக் கொண்ட அமெரிக்கர் பீற்றர் பிரான்சிசு, அரிக்கமேட்டைப் போல மாந்தையும் மணி செய்த ஊரே என்று நிறுவ முற்பட்டார். துறைமுகம் என்பதோடு தொழிற்களம் என்பதும் சேருமாயின், நம் கரையோரத்தின் வரலாறு வணிகர் வரலாறு மாத்திரமன்று, கைவினைஞர் வரலாறுமாகும். அவர்கள் பெயரை எந்த ஏடும் கூறவில்லை. சான்று கண்ணாடியினுள்ளேயே தேடப்பட வேண்டும்.

செய்முறையை முதலில் நோக்குவோம். ஆந்திர மாநிலத்துப் பாப்பாநாயுடுபேட்டையிலே அண்மைக்காலம் வரை நிலைத்த முறையைக் கொண்டு பழைய முறையை ஆய்வாளர் உய்த்துணர்வர். உருகிய கண்ணாடியை ஓர் இரும்புக் குழலின் நுனியில் திரட்டி, அதன் நடுவே துளையிட்டு, உலையின் மறுபுறத்திலிருந்து கொக்கியால் பற்றி இழுப்பர். கண்ணாடி நீண்ட மெல்லிய குழாயாய் வரும். துளையும் உடன் நீளும். பின்னர் அதனைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்க, கூர்விளிம்பு மழுங்கி மணியாகும். இவ்வகை மணி கிழக்காபிரிக்கா முதல் கொரியா வரை பரவியது.

இத்தொழிலின் உயிர்நிலை பாகுநிலையே. மிக இளகினால் துளை மூடும். மிக இறுகினால் குழாய் ஒடியும். பாகுநிலையைப் பசுக்கால்-செக்கன் என்னும் அலகால் அளப்பர். நீருக்கு அது ஆயிரத்திலொன்று. கையாளத்தக்க பதத்திலுள்ள கண்ணாடிக்கு ஏறத்தாழ 1,000. கண்ணாடி திடப்பொருளாகும் நிலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி. சாதாரணச் சோடாக் கண்ணாடியில் இப்பெருமாற்றம் முழுவதும் நிகழ்வது நானூறு, ஐந்நூறு பாகை வெப்பநிலை வீழ்ச்சிக்குள்ளேயே. வெப்பமானி இல்லாக் காலத்தில் தீயின் நிறத்தையும் கையில் உணரும் இழுவையையும் கொண்டே பதம் அறிந்திருப்பர்.

இம்மாற்றம் ஏன் நிகழ்கின்றது? தூய சிலிக்காவில் ஒவ்வொரு சிலிக்கன் அணுவையும் நான்கு ஒட்சிசன் சூழ்ந்து நான்முகியாகும். நான்முகிகள் மூலைகளாற் கோத்து வலையாகும். அவ்வலை ஒழுங்கற்றது என 1932இல் சக்கரியாசன் எடுத்துரைத்தார். சோடா சேர்ந்தால் வலையின் கண்ணிகள் ஆங்காங்கே அறும், பாகு இளகும். அச்சோடியம் எங்கும் சமமாகப் பரவாது, நானோமீற்றர் அளவில் வாய்க்கால்போல ஒதுங்கி ஓடும் என்று 1985இல் கிரீவிசு கருதினார். ஒரு நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.

இங்கே நம் மணிக்கு உரிய செய்தி ஒன்றுண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பெரிதும் கிடைக்கும் பழங்கண்ணாடி, உரோமக் கண்ணாடியினின்று வேறானது. உரோமக் கண்ணாடியில் அலுமினா நூற்றுக்கு இரண்டு மூன்றே; இதிலோ அது ஐந்துக்கு மேற்பட்டுப் பல வேளைகளிற் பத்தை அண்மிக்கும். சுண்ணாம்போ குறைவு. அலுமினியம் சிலிக்கனின் இடத்தில் அமர்ந்து, தன் மின்னேற்றக் குறையை ஈடுசெய்யச் சோடியத்தை அருகே பிடித்து வைக்கும். அங்ஙனம் பிடிபட்ட சோடியம் கண்ணி அறுக்க உதவாது, வலை உறுதிப்படும், பாகு தடிக்கும். சுண்ணாம்பு மிக்க கண்ணாடி சட்டென்று இறுகும். குறைந்ததோ மெல்ல இறுகும். எனவே இக்கலவையை உருக்க மிகு தீ வேண்டியிருந்தாலும், இழுக்கும் வேலைக்கு அது நீண்ட அவகாசம் தந்திருக்கும் எனக் கருத இடமுண்டு. கைவினைஞர் நானோ அறிவியல் அறிந்திருந்தனர் என்று இதனைக் கொண்டு பெருமை பேசுவது பொருந்தாது. உள்ளூர் மணலின் இயல்பைக் கை அறிந்திருந்தது. அதுவே போதிய பெருமை.

குளிரும்போது மூலக்கூறுகள் எங்ஙனம் அசைகின்றன என்பது இன்னும் நுண்ணிய வினா. சிவராத்திரியன்று திருக்கேதீச்சர வீதியில் நெரிசலில் அகப்பட்டவர் தனித்து ஓரடி வைக்க இயலாது. அயலார் பலரும் சேர்ந்து விலகினாலே வழி பிறக்கும். குளிரும் திரவத்திலும் அவ்வாறே துகள்கள் கூட்டமாக அசைய வேண்டும் என்றும், குளிரக் குளிர அக்கூட்டம் பெருகும் என்றும் 1965இல் ஆடமும் கிப்சும் விளக்கினர். அக்கூட்டம் சில நானோமீற்றர் அகலமே. ஒன்று அசைய அடுத்தது அசையாது நிற்கும். பெங்களூர் ஜவகர்லால் நேரு உயராய்வு நிலையத்தைச் சேர்ந்த சிறிகாந்த் சாஸ்திரி, இரு அமெரிக்க அறிஞருடன் இணைந்து, குளிரும் திரவம் ஆற்றலின் மேடுபள்ளங்களிற் படிப்படியாகச் சிக்குவதைக் கணினிவழி ஆராய்ந்து 1998இல் வெளியிட்டார். ஆயினும் நோபெல் பரிசாளர் பிலிப் அண்டர்சன் 1995இல் கண்ணாடியின் இயல்பைத் திடப்பொருட் கோட்பாட்டின் மிக ஆழ்ந்த தீராச் சிக்கலாகக் கருதியது இன்றும் பழங்கதையாகிவிடவில்லை.

பழைய தேவாலயச் சாளரக் கண்ணாடி கீழ்நோக்கி ஒழுகித் தடித்தது என்று வகுப்பிற் சொல்வார் இன்றும் உளர். இது பிழை. இடைக்காலக் கண்ணாடியொன்றின் அமைப்பை ஆராய்ந்தோர், நூறு கோடி ஆண்டிலும் அதன் ஒழுக்கம் ஒரு நானோமீற்றரளவே எனக் கணித்துள்ளனர். ஆகவே மாந்தை மணியின் வளைவும் துளையும் காலத்தால் ஒழுகி வந்தவையல்ல. இழுத்த கையும் சாம்பற் சூடும் இட்டவை.

வடிவம் போலவே குளிர்ந்த வேகமும் நிலைத்திருக்கும். விரைந்து குளிர்ந்த கண்ணாடியின் அணுவமைப்புச் சற்றே தளர்ந்தது. மெல்லக் குளிர்ந்தது நெருங்கியது. மீளச் சூடாக்கி, அது கொள்ளும் வெப்பத்தை அளந்து இவ்வேறுபாட்டை அறியலாம். எரிமலைக் கண்ணாடி குளிர்ந்த வேகத்தை இம்முறையாற் கணித்துள்ளனர். மாந்தை மணியொன்றை இவ்வாறு அளந்தால், அது உலைச் சாம்பலினுள்ளேயே ஆறியதா, வெளியே கொட்டப்பட்டு ஆறியதா என்று கேட்கலாம்.