ஐந்தாம் விசையும் நூற்றுவீதமும்: விரிதாளில் சதவீதக் குறுக்குவிசை வளர்ந்த வரலாறு

1. ஆய்வுப் பொருள்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலோ, ஆவடியிலோ, பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய சிறு பட்டறைகளிலோ மாதக் கடைசியில் சம்பளப் பட்டியல் போட உட்காரும் கணக்கர், கண்ட்ரோல், ஷிஃப்ட் என்னும் இரு விசைகளையும் அழுத்திப் பிடித்தபடி ஐந்தாம் எண்ணின் விசையைத் தட்டுகிறார், 0.12 என்று கிடந்த எண் அக்கணமே 12% என்று நிற்கிறது. இமைப்பொழுதில் முடியும் இச்செய்கைக்குப் பின்னே வட்டிக் கணக்கும், நாணயச் சட்டமும், தட்டச்சுப் பொறியும், மென்பொருள் நிறுவனங்களின் போட்டியும் சேர்ந்து உருவாக்கிய நீண்ட சரித்திரம் இருக்கிறது என்பதையும், அச்சரித்திரத்தின் ஒரு கட்டத்தில் கைவிடப்பட்ட கேள்வியொன்று இன்றைய தொழிலாளியின் ஊதியக் கணக்குவரை வந்து தொடுகிறது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

2. விரிதாளுக்கு முன்

நூறு என்னும் எண்ணை அளவாக வைத்து வட்டியை வரையறுக்கும் வழக்கம் இந்நாட்டில் தொன்மையானது. நூறு பணத்துக்கு மாதம் ஒன்றேகால் பணமே தருமத்துக்கு ஒத்த வட்டி என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கிறது. 1150ஆம் ஆண்டினதான பாஸ்கராசாரியரின் லீலாவதி, நூற்றுக்கு மாதம் இத்தனை என்று கொடுத்துவிட்டு வேறொரு முதலுக்கும் வேறொரு காலத்துக்கும் வட்டி கேட்கும் கணக்குகளை விதியோடு விளக்குகிறது. தமிழ்நாட்டுச் சாசனங்களிலோ நூற்றைக் காட்டிலும் பின்னமே செல்வாக்குப் பெற்றிருந்தது. தஞ்சை இராசராசேச்சுரத்துக் கல்வெட்டுகளில், கோயில் பணத்தைக் கடனாகப் பெற்ற ஊர்ச் சபைகள் ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டில் ஒரு பங்கு, பொலிசையாக (வட்டியாக)ச் செலுத்த உடன்படுகின்றன. நம் முறையில் அது 12.5% ஆகும். மாகாணி, அரைக்கால், கால், அரை என்று வாய்ப்பாடு ஒப்பித்து வளர்ந்த கணக்கப்பிள்ளைக்கு இப்பின்னங்களே இயல்பாக இருந்தன. பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற நாணய முறையும் அதற்கே துணை நின்றது.

இந்நிலையை மாற்றியது, 1957 ஏப்ரல் 1ஆம் தேதி அமலுக்கு வந்த தசம நாணய முறை. ரூபாய் நூறு நயா பைசாவாகப் பிரிந்ததும், நூற்றுக்கு எட்டு என்பதும் ரூபாய்க்கு எட்டுப் பைசா என்பதும் ஒன்றாகி, அதுவரை ஏட்டுக் கணிதமாய் இருந்த நூற்றுவீதம் சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்தது.

சென்னையின் மேற்குப் புறம் தொழிற்பிரதேசமாக உருவெடுத்ததும் ஏறத்தாழ அக்காலத்திலேதான். 1955 ஜனவரியில் சோஷலிச மாதிரியான சமுதாயமே தன் இலட்சியம் என்று காங்கிரஸ் மகாசபை தீர்மானித்த ஆவடியில், 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது, அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸும் டன்லப்பும், பாடியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டி.வி.எஸ். முதலிய ஸ்தாபனங்களும் எழுந்தன. 1960களின் நடுவில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை சிறுதொழில்களுக்கு இடம் கொடுத்தது. இவற்றின் கணக்குப் புத்தகங்களில் நூற்றுவீதத்தை நிலைபெறச் செய்தவை தொழிலாளர் நலச் சட்டங்களே: 1948இன் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுச் சட்டம், 1952இன் வைப்புநிதிச் சட்டம், 1965இன் போனஸ் சட்டம். இவற்றுள் கடைசிச் சட்டம் போனஸின் உச்ச அளவை 20% என்று நிலைப்படுத்தியது; குறைந்த அளவு பிற்காலத் திருத்தங்களால் 8.33% ஆயிற்று. தீபாவளி நெருங்கும்போது ஆலை வாயில்களில் ‘இருபது பர்சன்ட்’ என்ற கோஷம் கேட்பது அதனால்தான்.

அந்நாளில் இவ்வீதங்களைக் கணக்கிட்டவர் கையால் பெருக்கினார், அல்லது ஃபேசிட் இயந்திரத்தின் கைப்பிடியைச் சுழற்றினார். எப்படியாயினும் நூறால் பெருக்குவதும் வகுப்பதும் அவர் அறிந்து செய்த வினையாகவே இருந்தது.

3. லோட்டஸ் கேட்ட கேள்வி

கணினி விரிதாளுக்கு வழிகாட்டியாக அமைந்தது, டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் என்னும் இருவர் இயற்றி, ஆப்பிள் 2 கணினிக்காக 1979இல் வெளிவந்த விசிகால்க். சாய்கோட்டு விசையையும் எஃப் என்னும் எழுத்தையும் தட்டி, முழு எண், டாலரும் சென்ட்டும் என்ற சில வடிவங்களுள் ஒன்றை அதில் தேர்ந்துகொள்ளலாம். சதவீதம் அவ்வரிசையில் இல்லை. ஆகவே சதவீதம் வேண்டியவர், கைக்கணக்குக் காலத்தைப் போலவே, நூறால் பெருக்கித்தான் எழுத வேண்டியிருந்தது.

மிட்ச் கேப்பரும் ஜொனதன் சாக்ஸும் படைத்து 1983இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் 1-2-3 இதை மாற்றியது. சாய்கோடு, ஆர், எஃப், பி என்று வரிசையாகத் தட்டினால் சதவீத வடிவம் கிடைத்தது. கட்டத்துக்குள் இருக்கும் மதிப்பு 0.12 ஆகவே இருக்க, திரையில் தெரிவது மட்டும் 12 என்ற எண்ணும் நூற்றுவீதக் குறியும் ஆயிற்று. அதாவது, அதுவரை வினையாக இருந்த நூற்றுவீதம் இங்கே தோற்றமாக மாறியது. எனினும் லோட்டஸ் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்தது: பி என்ற எழுத்தைத் தட்டியதும், புள்ளிக்குப் பின் எத்தனை தசம ஸ்தானம் வேண்டும் என்று அது கேட்டது, விடை சொல்லாமல் என்டர் தட்டினால் இரண்டு என்று தானே கொண்டது, அதன் பிறகே எந்தக் கட்டங்களுக்கு என்று கேட்டது. 1984இன் கணினிக் கொள்கைக்குப் பின் நம் நாட்டில் தனிக்கணினி பரவ, வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்ற மூன்றையும் பயிற்சி நிலையங்களில் பயின்று வேலைக்கு வந்த தலைமுறையினர், சதவீதம் போடும் ஒவ்வொரு முறையும் இக்கேள்விக்கு விடை கூறியே பழகினார்கள்.

4. ஐந்தாம் விசை

மைக்ரோசாஃப்டின் எக்செல் 1985இல் மெக்கின்டாஷுக்கும், 1987இல் விண்டோஸுக்கும் வெளிவந்தது. எண்களின் தோற்றத்துக்கென அதில் வழங்கும் குறுக்குவிசைகள் விசைப்பலகையின் மேல்வரிசையிலேயே ஒழுங்காக அமைந்திருக்கின்றன: கண்ட்ரோலும் ஷிஃப்டும் சேர்த்து, ஒன்று தட்டினால் காற்புள்ளியிட்ட எண், இரண்டு நேரம், மூன்று தேதி, நான்கு நாணயம், ஐந்து சதவீதம், ஆறு அறிவியல் குறியீடு. சதவீதம் ஐந்தில் அமைந்ததற்குக் காரணம், இத்தாலிய வணிகர்களின் பதினைந்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துச் சுருக்கத்திலிருந்து பிறந்த நூற்றுவீதக் குறி, அமெரிக்கத் தட்டச்சுப் பொறிகளில் ஐந்தின் தலைமேல் இடம் பிடித்திருந்ததுதான். கணினியில் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் வழங்க 1963இல் வகுக்கப்பட்ட ஆஸ்கி நியமமும் இவ்வுறவைக் காத்தது. அதில் நூற்றுவீதக் குறிக்கு எண் 37, ஐந்துக்கு எண் 53. இரண்டுக்கும் இடையே வேறுபாடு சரியாக 16, அதாவது இரும எண்ணில் ஒரே ஓர் இலக்கத்தின் மாற்றம்.

இவ்வரிசையில் கவனிக்கத்தக்க விசேஷம் ஒன்று உண்டு. காற்புள்ளியிட்ட எண்ணும் நாணயமும் அறிவியல் குறியீடும் இரண்டு தசம ஸ்தானத்தோடு வருகின்றன. சதவீதம் மட்டும் தசமம் ஏதுமின்றி வருகிறது. லோட்டஸ் வாய்விட்டுக் கேட்ட கேள்விக்கு இங்கே குறுக்குவிசையே, கேட்காமலே, பூஜ்யம் என்று விடை சொல்லிவிடுகிறது.

5. தோற்றமும் மெய்யும்

இவ்விடையின் விளைவு சென்னை மேற்குப் புறத்துச் சம்பளப் பட்டியலில் பிரத்தியட்சமாகக் காணக்கிடைக்கிறது. 2019 ஜூலை 1 முதல் இ.எஸ்.ஐ. சந்தாவில் தொழிலாளியின் பங்கு 0.75%, முதலாளியின் பங்கு 3.25%, இரண்டும் சேர்ந்து 4%. இவ்வீதங்கள் இருக்கும் கட்டங்களில் எக்செல்லின் குறுக்குவிசையைத் தட்டினால், முதலாவது 1% என்றும் இரண்டாவது 3% என்றும் தோன்றும். கூட்டுத்தொகையோ அப்போதும் 4% என்றே இருக்கும். தொகை சரியாயிருப்பதால் பார்ப்பவருக்கு ஐயம் எழுவதில்லை. ரூ.20,000 சம்பளம் பெறுபவரிடம் பிடிக்க வேண்டியது ரூ.150, அச்சிட்ட தாளில் 1% என்று கண்டு ஒருவர் அதையே வேறொரு தாளில் ஏற்றிக் கணக்கிட்டால் ரூ.200 பிடிக்கப்படும். நிறுவனம் செலுத்த வேண்டிய ரூ.650 அப்போது ரூ.600 ஆகக் குறைய, மொத்தம் இரு வழியிலும் ரூ.800 என்றே நிற்கும். ஐம்பது ரூபாய் முதலாளியின் தோளிலிருந்து தொழிலாளியின் தோளுக்கு ஓசையின்றி இடம் மாறியிருக்கும்.

வைப்புநிதியிலும் இதே மயக்கம் உண்டு. முதலாளியின் 12% பங்கில் ஓய்வூதியத்துக்குப் போகும் 8.33% என்பது 8% என்றும், எஞ்சிய 3.67% என்பது 4% என்றும் தோன்ற, கூட்டுத்தொகை இங்கும் குறை காட்டாது. சூத்திரத்தின் வழியே கணக்கிடும் வரையில் கணினி உள்ளிருக்கும் மதிப்பையே எடுத்துக்கொள்வதால் பிழை நேராது. மனிதக் கண் படித்து மனிதக் கை மறுபடி எழுதும் இடத்திலேயே தோற்றம் மெய்யின் ஸ்தானத்தைப் பிடித்துக்கொள்கிறது. இதற்கு எதிர்த்திசையிலும் ஓர் இடறல் உண்டு: 12 என்று முன்னமே எழுதிய கட்டத்தில் குறுக்குவிசையைத் தட்டினால் 1200% என்று வரும், வெற்றுக் கட்டத்தில் முதலில் குறுக்குவிசையைத் தட்டிவிட்டுப் பிறகு 12 எழுதினால் 12% என்றே வரும். முன்னது கண்ணுக்குப் பட்டு உடனே திருத்தப்படும் பிழையாதலால் கேடு குறைவு.

தரக் கட்டுப்பாட்டுத் துறையில் இப்பிரச்சினை வேறு வடிவம் எடுத்தது. பாடியில் இயங்கிய சுந்தரம்-கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் தரத்துக்கான டெமிங் பரிசு பெற்றது. இந்திய நிறுவனமொன்று அப்பரிசை அடைந்தது அதுவே முதன்முறை. 2001இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் 2004இல் லூகாஸ்-டி.வி.எஸ்.ஸும் அதனைப் பெற்றன. உலக மோட்டார் நிறுவனங்களுக்கு உதிரிபாகம் அனுப்பும் இத்தகைய ஆலைகளில், கழிவாகும் பாகங்கள் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போனபின் சதவீதம் பயனற்ற அளவாயிற்று. பத்து லட்சத்துக்கு எத்தனை என்று எண்ணும் பி.பி.எம். அதன் இடத்தைப் பிடித்தது. 500 பி.பி.எம். என்பது 0.05%, குறுக்குவிசை அதனை 0% என்றே காட்டும். பி.பி.எம். தோன்றியதற்கு விரிதாள் காரணமன்று; ஆயினும் குறையே இல்லை என்று பொய்யாய் அறிவிக்கும் ஒரு பூஜ்யத்திலிருந்து அது கணக்கைக் காத்தது.

6. மாற்று மரபு

எல்லா விரிதாள்களும் எக்செல்லின் விடையை ஏற்கவில்லை. ஓபன் ஆஃபீஸ், லிப்ரே ஆஃபீஸ் ஆகியவற்றின் கால்க்கிலும் கூகுள் ஷீட்ஸிலும் அதே மூன்று விசைகள் இரண்டு தசம ஸ்தானத்தோடு சதவீதத்தைத் தருகின்றன. லோட்டஸின் மரபு அவற்றில் மௌனமாகத் தொடர்கிறது எனலாம். தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடநூல் விரிதாளை ஓபன் ஆஃபீஸ் கால்க்கைக் கொண்டே கற்பிக்கிறது. ஆவடியிலோ பூந்தமல்லியிலோ அரசுப் பள்ளியில் அதைப் பயின்ற மாணவர், பின்னர் அம்பத்தூர் அலுவலகமொன்றில் எக்செல் முன்னே அமரும்போது, விரல்களுக்குப் பழகிய அதே செய்கை 0.75% என்பதற்குப் பதிலாக 1% என்று காட்டுவதைக் காண்பார். செய்கை ஒன்றாயிருப்பதே வேறுபாட்டைக் கவனிக்க விடாமல் செய்துவிடக்கூடும்.

7. முடிபு

நூற்றுவீதம் முதலில் கணக்கரின் வினையாக இருந்தது. லோட்டஸ் அதைத் தோற்றமாக்கியபோதும், எவ்வளவு நுட்பமான தோற்றம் என்று நிச்சயிக்கும் உரிமையைக் கணக்கரிடமே விட்டுவைத்தது. குறுக்குவிசை வேகத்தைத் தந்து அந்நிச்சயத்தைத் தானே எடுத்துக்கொண்டது. இழந்ததை மீட்கும் வழி கடினமானதன்று. எக்செல்லில் குறுக்குவிசைக்குப் பின் ஆல்ட், எச், பூஜ்யம் என்று வரிசையாக இருமுறை தட்டினால் இரண்டு தசம ஸ்தானம் திரும்பிவிடும். கண்ட்ரோலும் ஒன்றும் தட்டினால் எண்வடிவப் பலகமே திறந்து, எத்தனை ஸ்தானம் என்று கேட்கும். சட்டம் விதித்த வீதங்களை இரண்டு ஸ்தானத்துக்குக் குறையாமல் காட்டுவது என்ற ஒரு நியமத்தைச் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் ஒவ்வோர் அலுவலகமும் கைக்கொண்டால், இ.எஸ்.ஐ. கணக்கில் ஐம்பது ரூபாய் இடம் மாறுவதற்கு இடமிராது.