காரம்: சுவையா, சூடா?

சாயங்காலம் பட்டறைகள் விடும் நேரத்தில் கோவை சத்தி சாலையில், கணபதிப் பக்கம் ஒரு பேக்கரியில் நின்று "காரம் நூறு கிராம் போடுங்க" என்றால் கடைக்காரர் மிளகாயைத் தேடமாட்டார். மிக்சரோ, காராச்சேவோ, ஓமப்பொடியோ தராசில் ஏறும். ஓமப்பொடி நாக்கைச் சுடுவதே இல்லை. ஆனாலும் அதற்குக் 'காரம்' என்றே பெயர். வாங்கியவர் வீட்டுக்குப் போனால் "கொழம்புல காரம் தூக்கலுங்க" என்கிறார்கள். பக்கத்தில் படித்துக்கொண்டிருக்கும் பையனின் வேதியியல் புத்தகத்திலோ, காரம் என்பது சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும் பொருள்.

ஒரு சொல் இப்படி மூன்று இடங்களில் குடியிருக்கிறது. இவற்றில் பழைய வீடு வேதியியல்தான்.

வடமொழி 'க்ஷார'த்திலிருந்து 'காரம்' வந்தது என்பது அகராதிகள் தரும் விளக்கம். சாம்பலைக் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுக்கும் அரிக்கும் பொருளுக்கு அங்கே அந்தப் பெயர். தமிழிலும் அந்தப் பொருள் இன்றுவரை அழியவில்லை. பொற்கொல்லர் பட்டறையில் வெங்காரம் இருக்கிறது. ஈழத்தில் சோப்புக்குச் சவர்க்காரம் என்று பெயர். பவுத்திரத்துக்குச் சித்த மருத்துவர்கள் கட்டுவது காரநூல். இவை எதுவும் தின்பதற்கானவை அல்ல. தோலிலும் சதையிலும் வேலை செய்பவை.

நாக்குக்கென்று தமிழில் வேறு சொற்கள் இருந்தன. அறுசுவைப் பட்டியலில் இருப்பது கார்ப்பு. பேச்சில் உறைப்பு, கொங்கு நாவில் அது 'ஒறப்பு'. கார்ப்புக்கும் காரத்துக்கும் ஒலியும் நெருக்கம், பொருளும் நெருக்கம். இன்று காரம் சமையலறையை எடுத்துக்கொள்ள, கார்ப்பு பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டது. உறைப்பு மட்டும் வாயைத் தாண்டிப் புத்திக்கும் போயிருக்கிறது: "எத்தனை சொல்லியும் அவனுக்கு உறைக்கவில்லை."

காரம் ஒரு சுவைதானா என்ற வழக்கு புதிதல்ல. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 26ஆம் அத்தியாயத்தில் சுவைகள் எத்தனை என்று அறிஞர்கள் கூடி வாதிடுகிறார்கள். நிமி என்பவர் ஏழு என்கிறார். அவர் கூட்டிய ஏழாவது சுவை க்ஷாரம். ஆத்ரேயர் அதை ஏற்கவில்லை. அது சுவை அல்ல, செய்து எடுக்கப்படும் பொருள். அதற்குள்ளேயே பல சுவைகள் உண்டு. ஒரு புலனுக்கு மட்டும் அது கட்டுப்படுவதுமில்லை என்று தள்ளிவிடுகிறார். கார்ப்புக்கு வடமொழிப் பட்டியலில் உள்ள பெயர் 'கடு'. அங்கே சுவையாக ஏற்கப்படாத சொல்தான் தமிழ்ப் பேச்சில் சுவையின் பெயராகியிருக்கிறது.

இன்றைய உடலியலும் கிட்டத்தட்ட ஆத்ரேயர் பக்கமே நிற்கிறது. நாக்கின் சுவை மொட்டுகள் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகிய நான்கை உணர்கின்றன. ஐந்தாவதாக, 1908இல் ஜப்பானின் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றில் கண்டு பெயரிட்ட 'உமாமி'. இந்த வரிசையில் காரத்துக்கு இடமில்லை. மிளகாயில் உள்ள கேப்சைசின், சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. அந்த முனைகளில் உள்ள 'டிஆர்பிவி1' என்ற ஏற்பியை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு அடையாளம் கண்டது. 2021இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சுமார் 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் விழித்துக்கொள்ளும் ஏற்பி அது. மிளகாயும் அதையே எழுப்புவதால் வாய் வெந்துவிட்டதாக மூளை நம்புகிறது, வியர்க்கிறது.

மிளகாய் அரைத்த கை காந்துவதும், அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் எரிவதும் இதனால்தான். சர்க்கரையைக் கையில் அள்ளினால் கை இனிப்பதில்லையே! பறவைகளின் ஏற்பி கேப்சைசினுக்கு மசிவதில்லை. கிளி சாவகாசமாக மிளகாய் கொறிக்கிறது.

துவர்ப்பும் இதே கட்சி. வாழைப்பூவிலும் பாக்கிலும் உள்ள துவர்ப்பொருள் எச்சிலின் புரதங்களோடு ஒட்டி, வாயின் வழவழப்பைக் குறைக்கிறது. நாம் உணர்வது பெரிதும் அந்தச் சொரசொரப்பை. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின்படி அடுக்கும்போது தொடுவுணர்வை முதலிலும் நாவை இரண்டாவதாகவும் வைக்கிறது. அந்தக் கணக்கில் காரமும் துவர்ப்பும் பெரும்பாலும் முதல் அறிவுக்கே சேரும்.

இத்தனை பேருக்குக் காரணமான மிளகாயோ பின்னால் வந்தது. அமெரிக்கக் கண்டத்துச் செடியான அது, போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பிறகே இந்தியா சேர்ந்தது. அதற்குமுன் உறைப்பு தந்தவை மிளகும் இஞ்சியும் திப்பிலியும். சங்க இலக்கியத்தில் 'கறி' என்றால் மிளகு; இன்று கொங்கு வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறி என்றால் இறைச்சி. புதுக்காய்க்கும் பழைய மிளகின் பேரையே ஒட்டி 'மிளகாய்' என்றார்கள். இன்று பள்ளிபாளையம் சிக்கனுக்கு வரமிளகாய்தான் உயிர்.

பந்தியில் காரம் தலைக்கேறினால் தண்ணீர்ச் சொம்பைத் தேடாதீர்கள். கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். ஒரு கரண்டி தயிரோ, ஒரு டம்ளர் பாலோ கேளுங்கள்.