மூன்று டெசிபெல் அழுத்தம்: சிந்தசைசர் சுரங்களின் இடவலப் பகிர்வும் தோட்டக் கோயில் ஒலிபெருக்கியும்

மலேசியாவின் பாலிங் வட்டாரத் தோட்டக் கோயில் திருவிழாவில் பாட்டுக் கேட்பவருக்கு இடக்காது, வலக்காது என்ற வேறுபாடு பெரும்பாலும் கிடைப்பதில்லை. கோலாகெட்டில் பக்கமானாலும் கூப்பாங் பக்கமானாலும், மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிகள் ஒரே ஆம்பிளிஃபயரிலிருந்து ஒரே ஒலியைத்தான் வாங்குகின்றன. அவற்றில் முழங்கும் இன்றைய பக்திப் பாடல்களோ ஸ்டீரியோவுக்கென்றே செய்யப்பட்டவை. பலவற்றில் சிந்தசைசர் சுரங்கள் இடமும் வலமுமாகத் தூவப்பட்டிருக்கும். பேனிங் என்று ஒலிப்பதிவாளர்கள் சொல்லும் இந்த இடவலப் பகிர்வு கூம்பு ஒலிபெருக்கியில் அழிந்துபோகிறது என்பது பொதுவான எண்ணம். அது அழிவதில்லை, தாள அழுத்தமாக மாறுகிறது என்பதே என் வாதம்.

ஸ்டீரியோவின் அடிப்படைகளைப் பொறியாளர் ஆலன் புளும்லைன் 1931இல் காப்புரிமை விண்ணப்பமாக எழுதினார். தமிழ்த் திரையிசையில் ஸ்டீரியோவின் தொடக்கமாக இளையராஜாவின் ‘பிரியா’ (1978) சொல்லப்படுகிறது. ஆனால் ஒரு வாத்தியத்தை ஓரிடத்தில் நிறுத்துவது வேறு, அதன் ஒவ்வொரு சுரத்தையும் வெவ்வேறு இடத்தில் வைப்பது வேறு. 1983இல் வந்த ஓபர்ஹைம் ஓபி-8 சிந்தசைசரின் எட்டுக் குரல்களுக்கும் தனித்தனி பேன் திருகு இருந்தது. அதே ஆண்டு வந்த, மின்னணு வாத்தியங்களை இணைக்கும் மிடி நெறியிலோ பேன் கட்டளை சேனல் முழுவதற்கும் பொதுவானது. சுரத்துக்கொரு சேனல் ஒதுக்கும் எம்பிஇ நெறி 2018இல்தான் ஏற்கப்பட்டது. சுரத்துக்குச் சுரம் இடம் மாற்றுவதை இன்று வீட்டுக் கணினியிலேயே செய்துவிடலாம் என்பதால், கூம்பில் அது என்னவாகும் என்ற கேள்வி அவசரமாகிறது.

சுரங்களைச் சிதறவிட்டால் மெட்டு உடைந்துவிடும் என்று அஞ்சுபவர்கள் உண்டு. அந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. உளவியலாளர் டயானா டாய்ட்ச் 1975இல் வெளியிட்ட ஆய்வில், ஏறும் வரிசையும் இறங்கும் வரிசையும் ஒரே சமயத்தில் ஒலித்தன. ஒவ்வொரு வரிசையின் சுரங்களும் இரு காதுகளுக்கும் மாறி மாறிப் போயின. கேட்டவர்களில் பெரும்பாலோர் அந்தத் தாவலை உணரவே இல்லை. மேல் சுரங்கள் ஒரு காதிலும் கீழ்ச் சுரங்கள் மறு காதிலும் சீராக ஓடுவதாகவே கேட்டார்கள். சுருதி நெருக்கம் இடத்தை வென்றுவிடுகிறது. அடுத்தடுத்த சுரங்களில் நடக்கும் ஆரோகணம் எவ்வளவு தூரம் தூவினாலும் பெரும்பாலும் ஒன்றாகவே நிற்கும்.

நிற்காதது சுரங்களின் சமபலம். பரவலாகப் பயன்படும் சமசக்தி பேன் விதியில், நடுவில் வைத்த சுரம் இரு பக்கமும் மூன்று டெசிபெல் குறைத்து அனுப்பப்படுகிறது. அப்போதுதான் ஸ்டீரியோ அறையில் அது ஓரச் சுரத்துக்கு நிகராக ஒலிக்கும். இரு பக்கங்களையும் மோனோவாகக் கூட்டினால் கணக்கு மாறுகிறது: 0.707உம் 0.707உம் சேர்ந்து 1.414. ஓரச் சுரம் 1ஆகவே இருக்கிறது. நடுச் சுரம் மூன்று டெசிபெல் ஓங்கிவிடுகிறது, அதாவது இரு மடங்கு சக்தி. இது எந்தக் காதுக்கும் எட்டும் வேறுபாடு.

ஆதி தாளத்தில் அட்சரத்துக்கு நான்காக ஓடும் சிந்தசைசர் வரிசை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடு, இடம், வலம் என்று சுரங்கள் சுழல்கின்றன. காதுக்கருவியில் (ஹெட்போனில்) இது மெல்லிய மினுமினுப்பு. கூம்பில் ஒவ்வொரு மூன்றாவது சுரமும் அடிவாங்கும்: சதுசிர நடைக்குள் திசிர அழுத்தம். ஓர் ஆவர்த்தனத்துக்கு 32 சுரங்கள். மூன்றால் வகுத்தால் இரண்டு மிஞ்சும். ஆகவே முதல் ஆவர்த்தனத்தில் சமத்தில் விழுந்த அழுத்தம், இரண்டாவதில் ஒரு சுரம் தள்ளியும் மூன்றாவதில் இரண்டு சுரம் தள்ளியும் விழுந்து, நான்காவதில்தான் சமத்துக்குத் திரும்பும். இசையமைப்பாளர் எழுதாத ஒரு கணக்கு, உருமி மேளத்தில் ஊறிய காதுகளின் முன் அரங்கேறுகிறது. அந்தக் காதுகள் அதைக் கவனிக்காமல் விடும் என்று நான் நம்பவில்லை. ஒரு பக்கத்து வயரை மட்டும் செருகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: மறுபக்கச் சுரம் முழுவதும் மறைந்து, வரிசையில் மூன்றுக்கொரு ஓட்டை விழும்.

இப்போது எல்லோரிடமும் காதுக்கருவி இருக்கிறதே என்பார்கள். இருக்கலாம். ஆனால் கோயிலிலும் கல்யாண மண்டபத்திலும் கேட்பது கூடிக் கேட்பது. மண்டபத்தில் உண்மையான ஸ்டீரியோ இருந்தாலும், இடப்பக்கப் பெட்டியின் அருகே உட்கார்ந்தவருக்கு நடுச் சுரமும் அந்தப் பெட்டியிலிருந்தே வருவதாகத் தோன்றும். முந்தி வரும் ஒலியே திசையைத் தீர்மானிக்கும் என்பதை ஒலியியல் ஆய்வாளர் ஹெல்முட் ஹாஸ் 1949இல் விளக்கினார். வலச் சுரமோ அவரைத் தாமதமாக, தேய்ந்து அடைகிறது. மூன்று இடங்கள் அவருக்கு இரண்டாகிவிடுகின்றன. மோனோ கூம்பாவது எல்லோருக்கும் ஒரே தாளத்தைக் கொடுக்கிறது. மண்டபம் இருக்கைக்கொரு தாளத்தைக் கொடுக்கிறது.

எனவே திருவிழாவுக்குப் போகும் பாட்டில் பேன் விதியை ஆறு டெசிபெல்லுக்கு மாற்றுவதே சரி என்று கருதுகிறேன். அதில் 0.5உம் 0.5உம் கூடி 1 ஆகும். கூம்பில் எல்லாச் சுரங்களும் சமமாகும். இதற்கு விலை உண்டு: ஸ்டீரியோ அறையில் நடுச் சுரம் மூன்று டெசிபெல் தாழும். நாலரை டெசிபெல் விதி அந்த வேறுபாட்டைக் கூம்புக்கும் ஸ்டீரியோ அறைக்கும் ஒன்றரை ஒன்றரையாகப் பங்கிடுகிறது. திசிர அழுத்தம் உண்மையிலேயே வேண்டுமென்றால், அதைச் சுரத்தின் பலத்தைக் குறிக்கும் மிடி வேகமதிப்பில் எழுதிவிடலாம். அப்படி எழுதியது கூம்பிலும் மண்டபத்திலும் காதுக்கருவியிலும் ஒரே அழுத்தமாக விழும்.