பேர் எழுதாத படங்கள்

கொங்கு நாட்டில் பண்ணையக்காரர் வீட்டு ஆசாரத்தை வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். (எட்டித்தான் பார்க்க முடியும். உள்ளே போக நமக்கு வழியிருந்ததில்லை.) சுவரின் மேல்பக்கம் வரிசையாகச் சட்டம் போட்ட படங்கள். தலைப்பாகையும் கடுக்கனுமாகப் பாட்டனார், நாற்காலியில் பாட்டியார், கோட்டுப் போட்ட பெரியப்பா, கல்யாணக் கோலத்தில் மகன். கீழே பேரும் தேதியும். அந்தச் சுவர் ஒரு வரலாற்றுப் புத்தகம். 'இந்த மண் எங்களுடையது, தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம்' என்று வாய் திறக்காமலே சொல்லுகிற புத்தகம். அதே ஊரின் மாதாரி வளவிலும் சுவர் உண்டு, ஆணியும் உண்டு. பாட்டன் படம் கிடையாது.

படம் இல்லை, பட்டயம் இல்லை, ஆகவே உங்களுக்கு வரலாறு இல்லை என்று சொல்லுவது அவர்களுக்குச் சுலபம். நம்மில் படித்தவர்களும் சில சமயம் அதை நம்பிவிடுகிறோம். நம் வீட்டுத் தகரப் பெட்டிகளில் துருப்பிடித்தும் மடிந்தும் கிடக்கிற சாமான்களை ஆவணங்களாகப் படிக்கப் பழகவேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அதைச் செய்யவேண்டும்.

முதலில் ஒரு பொய்யைத் தள்ளிவிடலாம். நம்மை யாரும் படம் பிடிக்கவில்லை என்பது உண்மையல்ல. 1857 கலகத்துக்குப் பிறகு, தான் ஆளுகிற சனங்கள் யார் யார் என்று தெரிந்து வைத்துக்கொள்ள வெள்ளைக்கார அரசுக்கு அவசரம் வந்தது. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற தலைப்பில் எட்டுத் தொகுதிகள் படங்களோடு வந்தன. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். சக்கிலியர், பறையர், பள்ளர் எல்லாரும் அதில் உண்டு. தர்ஸ்டன் கருவி வைத்து மூக்கின் நீளத்தையும் அகலத்தையும் அளந்தவர். இந்த மாதிரிப் புத்தகங்களில் படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஆளின் பேர் இருக்காது, சாதியின் பேர் இருக்கும். அங்கே நாம் ஒரு மூக்கு, ஒரு அளவு, ஒரு மாதிரி. யாருடைய தாத்தாவும் இல்லை, யாருடைய அவ்வாவும் இல்லை.

உள்ளூர்க்காரர்கள் எடுத்த படங்களிலும் நாம் இருக்கிறோம், ஓரத்தில். காங்கயம் காளையோடு எடுத்த பழைய படம் ஒன்றைப் பார்த்திருக்கிறேன். காளை நடுவில், சொந்தக்காரர் பக்கத்தில். மூக்கணாங்கயிற்றைப் பிடித்தபடி கோவணத்தோடு ஒரு பையன், பாதி உடம்பு சட்டத்துக்கு வெளியே. படம் வைத்திருந்தவருக்குக் காளையை எந்தச் சந்தையில் வாங்கினார்கள், அதன் தாய்மாடு எது என்பதெல்லாம் தெரிந்திருந்தது. பையன் யாரென்று கேட்டேன். "பண்ணையத்துல இருந்த மாதாரிப் பையன் எவனாச்சும் இருக்கும்" என்றார். காளைக்கு வம்சம் தெரியும், கயிறு பிடித்தவனுக்குப் பேர் தெரியாது.

சரி, நம் வீட்டுக்குள் படம் எப்போது வந்தது? என் உறவுமுறையில் விசாரித்தவரை, பல கிழவிகளுக்கு இருக்கிற ஒரே படம் செத்த பிறகு எடுத்தது. நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைத் துணியால் கட்டி, மாலை போட்டு எடுத்த படம். உயிரோடு இருந்தபோது ஸ்டுடியோவுக்குப் போகக் காசில்லை, செத்த அன்றைக்குக் கடன் வாங்கியாவது எடுத்தார்கள். அடுத்து வந்தது வாக்காளர் அட்டை. சேஷன் தேர்தல் ஆணையராக இருந்தபோது 1993-இல் படத்தோடு அடையாள அட்டை கொடுக்க உத்தரவு வந்தது. எங்கள் வளவில் பல பேருக்கு வாழ்க்கையில் முதல் படம் அதுதான். இறந்த பிறகு அந்தத் தபால்தலை அளவுப் படத்தைப் பெரிதாக்கி, பூப்போட்ட சேலை வரைந்து சேர்த்து, சுவரில் மாட்டினார்கள். அரசாங்கம் ஆள் கணக்குக்காக எடுத்த படம் எங்களுக்குக் குலதெய்வப் படமாக ஆனது.

அதற்கு முன்னால் எங்களுக்கு இருந்த படம் கைநாட்டுத்தான். என் அவ்வாவின் தகரப் பெட்டியில் மடித்து வைத்த ஒரு புரோநோட்டு இருந்தது. தாத்தாவின் அப்பா பண்ணையத்தில் ஆளாகச் சேர்ந்தபோது வாங்கிய முன்பணத்துக்கு எழுதிக்கொடுத்தது. எழுத்து கணக்குப்பிள்ளையுடையது, கீழே நீல மசியில் பெருவிரல் ரேகை. அந்த மனிதருக்கு வேறு படம் எதுவும் இல்லை. அந்த ரேகையை உற்றுப் பார்த்தால் நடுவில் குறுக்கே ஒரு வெட்டுத் தெரியும். தோல் அறுக்கிற கத்தி பட்ட தழும்பு என்றாள் அவ்வா. கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் 1976-இல் வந்தது. "கடன் தீந்து போச்சேன்னு இதக் கிழிக்கச் சொன்னாங்க. நாந்தான் வெச்சுக்கிட்டேன். அந்தக் கட்ட வெரல் ஒண்ணுதாங் கண்ணு எங்க மாமனாரு" என்றாள். அடிமைச் சீட்டை மாமனாரின் படமாக மாற்றி வைத்துக்கொண்ட அவளைவிடப் பெரிய வரலாற்று ஆசிரியரை நான் பார்த்ததில்லை.

அதே பெட்டியில் அந்தக் கத்தியும் இருந்தது. தேய்ந்து பிறை மாதிரி ஆனது. அது சொல்லுகிற வரலாறு கொங்கு நாட்டின் வரலாறு. இங்கே பெரிய ஆற்றுப் பாசனம் கொஞ்சம், கிணறுதான் விவசாயம். எஃப்.ஏ. நிக்கல்சன் 1887-இல் எழுதிய கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு கிணற்றுப் பாசனத்தை விரிவாகச் சொல்லும். ஆழக் கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். கவலைச் சாலுக்குத் தோல் வேண்டும், அதில் தொங்குகிற வாலுக்குத் தோல் வேண்டும், மாட்டைப் பூட்டுகிற வாருக்குத் தோல் வேண்டும். செத்த மாட்டை எடுத்து, உரித்து, ஆவாரம்பட்டை போட்டுப் பதப்படுத்தி, தைத்துக் கொடுத்தவர்கள் நம் ஆட்கள். கூலி களத்தில் அளந்து போடுகிற தானியம். அவர்கள் தைக்காத நாளில் ஒரு தோட்டத்திலும் தண்ணீர் ஏறியிருக்காது. கொங்கு விவசாயியின் உழைப்பைப் பாடாத ஆள் இல்லை. கிணற்றுக்கும் வயலுக்கும் நடுவில் இருந்த தோலை யார் தைத்தார்கள் என்று கேட்பவர் அபூர்வம். நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது. அந்த மின்சாரத்தில் கோவையில் பஞ்சாலைகள் பெருகின, தோட்டங்களில் மின் மோட்டார் வந்தது. கவலை ஒவ்வொரு கிணறாக நின்றது. தோல் வேலையும் அதோடு நின்றது. இழிவு என்று சொல்லிச் சுமத்திய தொழில் போனது நல்லதுதான். ஆனால் தொழில் போனதே தவிர இழிவு போகவில்லை. வளவுக்காரர்கள் பாதிப் பேர் பண்ணையத்திலேயே கிடந்தார்கள். மீதிப் பேர் கோவைக்கு வந்து தெருக்கூட்டவும் சாக்கடை அள்ளவும் சேர்ந்தார்கள்.

பெட்டியில் உயிரோடு இருந்தவரின் படம் ஒன்றே ஒன்று. கோவை ஸ்டுடியோ ஒன்றில் எடுத்தது. பின்னால் திரையில் மாளிகையும் மாடிப்படியும். முன்னால் கோட்டுப் போட்ட இளைஞன், வெறுங்கால். யாரென்று கேட்டேன். வீட்டில் பேசுகிற தெலுங்கை விட்டுவிட்டு, வெளி ஆளிடம் சொல்லுகிற மாதிரி நிதானமாகத் தமிழில் சொன்னாள்: "எங்க அண்ணன். கோட்டு அவனுதில்ல, படக்காரனுது. செருப்பு மட்டும் குடுக்கலே. நாம செஞ்ச செருப்ப ஊருக்குள்ள நாம போட்டு நடக்க முடியுமா?" அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஊருக்குள் தோளில் துண்டு போடக்கூடாத ஒருவன், மூட்டை தூக்கிச் சேர்த்த காசைக் கொடுத்து, தான் எப்படி இருக்கவேண்டும் என்பதைத் தானே தீர்மானித்து எடுத்த படம் அது. தர்ஸ்டன் படத்துக்கு அது பதில்.

அடிமை முறையிலிருந்து தப்பி வந்த அமெரிக்கக் கறுப்பர் தலைவர் ஃபிரடெரிக் டக்ளஸ் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். தன்னைச் சுமார் 160 படங்கள் எடுக்க வைத்தார். 19-ஆம் நூற்றாண்டில் அவ்வளவு படம் எடுக்கப்பட்ட அமெரிக்கர் வேறு இல்லை என்கிறார்கள். 1900-இல் பாரிஸ் கண்காட்சிக்கு டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் கறுப்பர்களின் படங்கள் 363 கொண்டுபோனார். வெள்ளையர் வரைந்த கேலிப்படங்களுக்கு எதிராக, நல்ல உடுப்பில் நிமிர்ந்து உட்கார்ந்த முகங்கள். அவ்வாவின் அண்ணனுக்கு டு பாய்ஸைத் தெரியாது. வாடகைக் கோட்டுப் போட்டபோது அவரும் அதையேதான் செய்தார்.

இனிக் காகிதங்களுக்கு வருவோம், இதில் பிழைப்பே அடங்கியிருக்கிறது. எங்கள் குடும்பத்துப் பள்ளிக்கூட, வருவாய்த்துறைச் சான்றுகளை வயது வரிசையில் வைத்தால் ஒருவர் 'சக்கிலியன்', அடுத்தவர் 'மாதாரி', நான் 'அருந்ததியர்'. 1920-களில் எல்.சி. குருசாமி போன்றவர்கள் இழிவுப்பேரை உதறி அருந்ததியர் என்ற பேரை முன்வைத்தார்கள். அந்தப் போராட்டம் ஒரு வீட்டுக்குள் எத்தனை வருசம் கழித்து வந்து சேர்ந்தது என்பதை இந்த மூன்று காகிதங்கள் காட்டும். 2009-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த 3 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் சக்கிலியன், மாதாரி, அருந்ததியர், ஆதி ஆந்திரர், மாதிகா, பகடை, தோட்டி என்ற ஏழு பேர்களையும் ஒன்றாகக் கட்டியது. 2024 ஆகஸ்டு 1-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. நீதிமன்றத்தில் வாதிட்ட பேர்களெல்லாம் நம் பெட்டிக்குள் ஏற்கெனவே உறவாக அடுக்கியிருந்தன.

நிலத்துக்கும் இதே கதைதான். செங்கல்பட்டுக் கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையின் பேரில் 1892-இல் அரசாணை வந்து, ஒடுக்கப்பட்டோருக்கு நிபந்தனையோடு நிலம் கொடுக்கப்பட்டது. நாம் பஞ்சமி நிலம் என்று சொல்லுவது அதைத்தான். சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மற்ற சாதியாருக்கு அதை விற்க முடியாது. பிறகும் அரசு கொடுத்த கண்டிஷன் பட்டாக்கள் உண்டு. 1979-இல் தொடங்கி நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது பழைய குறிப்புகள் பல இடங்களில் காணாமல் போயின. அப்படியான இடத்தில், கிழவி பெட்டியில் வைத்திருக்கிற பழுப்பேறிய காகிதம்தான் மிச்சமிருக்கிற சாட்சி. பஞ்சமி நிலத்தைக் கேட்டு நடந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-இல் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் பலியானார்கள். ஒரு காகிதத்தின் விலை என்னவென்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

கொங்கு நாட்டுக்கு மேலே, நீலகிரி மலையில் இன்னொரு வகைக் குடும்பப் படம் இருக்கிறது. 1964-இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கைத் தோட்டத் தொழிலாளர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவர்களில் பெரும் பகுதி தாழ்த்தப்பட்ட மக்கள். பலர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய பாஸ்போர்ட்டுப் படத்தில் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லாரும் பயந்த கண்களோடு உட்கார்ந்திருப்பார்கள். நாடு விட்டு நாடு தள்ளுவதற்காக எடுத்த படம். இன்று பேரப்பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க அதையே தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

பெட்டி பத்திரம் என்று இருந்துவிட முடியாது. 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில் ஆதிக்க சாதிக்காரர் ஒருவர் எழுப்பிய உயரமான மதில் மழையில் சரிந்து அருந்ததியர் வீடுகளின் மேல் விழுந்தது. 17 பேர் செத்தார்கள். உயிரே போன இடத்தில் பெட்டியைப் பற்றி யார் கேட்பார்கள்? ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். ஓட்டுவீடு விழுந்தால் மூன்று தலைமுறைச் சாட்சியமும் சேர்ந்தே மண்ணாகிறது.

ஆகவே தோழர்கள் செய்யவேண்டிய காரியம் இது. பெட்டியைத் திறந்து பெரியவர்களை உட்கார வைத்துக் கேளுங்கள். இது யார், எந்த ஊர், எதுக்கு எடுத்தது, துணி யாருடையது, பக்கத்தில் பாதி தெரிகிறவர் யார்? படத்தின் பின்னால் மெல்ல பென்சிலால் எழுதுங்கள். பேனா மசி முன்பக்கம் இறங்கும். பழைய காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் சூடுபோட்டு ஒட்டாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. செல்போனில் இரண்டு பக்கமும் படம் எடுத்து இரண்டு மூன்று வீடுகளில் பிரதி வையுங்கள். கத்தி, ஊசி, பித்தளைப் பில்லை, பச்சை குத்திய கை எல்லாவற்றையும் எடுங்கள். பச்சை குத்திய பேர்கள் உடம்போடு எரிந்துபோகிற ஆவணம். பெரியவர்கள் சொல்லுவதை அவர்கள் பேச்சிலேயே பதியுங்கள், திருத்த வேண்டாம்.

தாத்தா படம் இல்லாத எங்கள் வீட்டில் அம்பேத்கர் நூற்றாண்டு கொண்டாடிய 1991 வாக்கில் முதலில் மாட்டிய படம் அம்பேத்கருடையது. நீலக் கோட்டில், கையில் புத்தகத்தோடு. அது அங்கேயே இருக்கட்டும். அவருக்குப் பக்கத்தில் அந்தப் பெருவிரல் ரேகையையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். கீழே பேர் எழுதியிருக்கிறோம்.