ஊழியம்

தெய்வத்துக்கோ குருவுக்கோ செய்யும் பணிவிடை. ஒல்லாந்தர் காலத்து இலங்கையில் சோனகரிடமும் செட்டிகளிடமும் வாங்கிய கட்டாய வேலைக்கும் இதே பெயர்தான். இன்று கண்டித் தோட்டங்களில் 'ஊழியர்' என்றால் சேமலாப நிதி நினைவுக்கு வரும். சீர்திருத்தத் திருச்சபைகளில் ஊழியம் என்பது போதகரின் அழைப்பு. கத்தோலிக்கர் அருட்பணி என்பர்.

இந்தச் சொல்லுக்கு உகந்த வினை 'செய்'. 'ஊழியத்தில் இருக்கிறேன்' என்று பதவியைப் போலச் சொல்வது எனக்கு உறுத்துகிறது. ஊழியத்தைச் செய்து காட்டியவர் என்பதற்காக, பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியில் பயிலும் இளையோர், பிற சபையினரானாலும், கத்தோலிக்கக் குரு ஜோசப் வாஸ் அடிகளாரை அறிய வேண்டும். ஒற்றர் என்ற ஐயத்தில் கண்டியில் சிறைப்பட்டவர் அவர். 1697இல் அங்கே அம்மை பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிப்போய்ப் புண் கழுவினார், உணவூட்டினார், இறந்தவரைப் புதைத்தார். 1711இல் அந்நகரிலேயே இறந்தார்.