காதுக்குப் பஞ்சு போதுமா?

1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்ததிலிருந்து எங்கள் கோயம்புத்தூர் பஞ்சுக்குப் பேர்போன ஊர். ஆனால் அந்தப் பஞ்சைக் காதில் திணித்துக்கொண்டு துப்பாக்கி சுடப் போய்விடாதீர்கள் நண்பர்களே! பெரிய ரைஃபிளின் வெடிச்சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். 140-க்கு மேல் ஒரே வேட்டுகூட உள்காதின் நுண்ணிய செல்களைக் கொன்றுவிடலாம். அவை மறுபடி முளைக்காது. பஞ்சு குறைப்பதோ சில டெசிபல்தான். பீரங்கிக்காரர்களுக்குக் காது மந்தம் அந்தக் காலத்தில் தொழிலோடு வந்த சீதனம்.

முதல் உலகப்போரில் (1914-18) பிரிட்டிஷ் படையினர் மல்லாக்-ஆர்ம்ஸ்ட்ராங் என்ற காதடைப்பானைப் பயன்படுத்தினார்கள். பேச்சு கேட்கணும், வெடி கேட்கக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். என்ன ஆசை பாருங்கள்! 1967-ல் அமெரிக்காவில் ராஸ் கார்ட்னர் குழு கண்டுபிடித்த நுரை அடைப்பான் நன்றாகவே அடைத்தது, கூடவே ரேஞ்ச் அதிகாரியின் "நிறுத்து!" என்ற குரலையும் அமுக்கியது.

பழைய ஆசையை நிறைவேற்றியது எலக்ட்ரானிக் காதுக்கவசம். வெளியே மைக், உள்ளே ஸ்பீக்கர். சுமார் 82 டெசிபலைத் தாண்டும் சத்தத்தை ஸ்பீக்கர் உள்ளே விடாது. ஆனால் வெடியைத் தடுப்பது கவசத்தின் கிண்ணம்தான், மின்சாரம் இல்லை. அதனால் வாங்கும்போது எத்தனை டெசிபல் குறைக்கும் என்பதை முதலில் பாருங்கள். கண்ணாடி போடுபவர்களுக்கு ஓரத்தில் இடைவெளி விழும். அவர்கள் உள்ளே நுரை அடைப்பானும் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. ஐ.எஸ்.எஸ்.எஃப் விதிப்படி போட்டியில் சுடுபவர் ஒலிவாங்கி உள்ள கவசம் அணியக்கூடாது. போட்டிக்குத் தயாராகிறவர்களுக்குச் சாதாரணக் கவசமே போதும், காசும் மிச்சம்.